மூணாயிரத்தைத் தாண்டாதே

ஆப்ரிகாட்டுக்கு ஒரே ஒரு நாள்தான். முதல் நாள் பறித்தால் புளிக்கும், மறுநாள் பறித்தால் பெட்டியிலேயே குழைந்துவிடும். அந்த ஒரு நாள் சரியாக வெள்ளிக்கிழமையில் வந்து வாய்க்க வேண்டும் என்று மார்லிஸ் ஜூலை மாதம் முழுக்க மரங்களைச் சுற்றிச் சுற்றி வருவாள். வெள்ளிக்கிழமைதான் மலைக்கு அந்தப் பக்கம், ஆல்டர் பே துறைமுகத்தில் சந்தை. மூன்று மணிக்குச் சந்தை தொடங்க மணியடிப்பார்கள்.

இந்த வருஷம் நாள் வாய்த்துவிட்டது. விடியற்காலையிலேயே ஏணியைப் போட்டு அவளும் ஆரினும் பறித்தார்கள். ஒரு தட்டில் ஓர் அடுக்குப் பழம்தான், ஒன்றின் மேல் ஒன்று பட்டால் கன்றிவிடும். தட்டுகளை வேனில் அடுக்கி, மேலே நனைத்த சாக்கைப் போர்த்தி, முட்டை ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் ஒரு டப்பாவில் கட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒகனாகன் பள்ளத்தாக்கில் வெயில் ஏறிவிட்டது. கதவுப் பிடியைத் தொட்டால் கை சுட்டது. காற்று என்ற ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

"இன்னிக்கு நான் ஓட்டுறேன்" என்றாள் மார்லிஸ்.

"ஏன்? எனக்கு என்ன கை கால் இல்லையா?" ஆரின் ஏற்கெனவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"கை கால் இருக்கு. காதுதான் இல்ல."

அவன் சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினான். முப்பது வருஷமாக அவள் இப்படித்தான் பேசுகிறாள், அவன் இப்படித்தான் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் இதுதான். இந்தப் பருவத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைகள் அவர்கள் சந்தைக்குப் போய்ச் சேரவில்லை. செர்ரி சமயத்தில் ஒரு தடவை, அதற்கு அடுத்த வாரமே இன்னொரு தடவை. இரண்டு தடவையும் லூப் லூப் கணவாய் ஏற்றத்தில் வண்டி ஆயில் கொதித்து நின்றுவிட்டது. சந்தையில் சட்டம் கறார். மணியடிக்கும்போது கடைக்காரர் தன் இடத்தில், விற்கிற சரக்கோடு நிற்க வேண்டும். மூன்று தடவை தவறினால் இடம் போச்சு. வரிசையில் அடுத்ததாக மெழுகுவத்தி செய்கிற ஒருத்தி காத்திருக்கிறாள். துறைமுக வாசலில் மேப்பிள் மரத்தடியில் இருக்கிற அந்த இடத்தை மார்லிஸ் வாங்குவதற்கே ஆறு வருஷம் பின்வரிசையில், மீன் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் நின்றிருக்கிறாள். வீட்டில் அவள் ஆரினின் மனைவி, ஊரில் ட்வெய்ட் தோட்டத்துக்காரி. அந்த மரத்தடியில் மட்டும்தான் அவள் மார்லிஸ். "மார்லிஸ் பழம் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அதை மெழுகுவத்திக்காரிக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. யாருக்குத்தான் வரும்?

வண்டி கொதிப்பதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். காரணம் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தது.

ஆரின் இருபத்திரண்டு வருஷம் ஒரு பழைய வேன் வைத்திருந்தான். அதன் பெயர் ஓல்கா. ஓல்காவின் இன்ஜினுக்குத் தண்ணீர் கிடையாது, காற்றிலேயே குளிர்வது. இன்ஜின் சுற்றினால்தான் அதன் விசிறி சுற்றும், வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும். அதனால் ஏற்றத்தில் ஓல்காவை முக்கவிடக் கூடாது, கியரைக் குறைத்து நன்றாகக் கத்தவிட வேண்டும். கத்தினால் குளிரும். அந்தப் பாடத்தை ஆரின் வேதமாகக் கற்று, ஓல்காவை மலை மலையாக ஏற்றினான். தப்பில்லை. ஆனால் ஓல்கா துருப்பிடித்து, உட்காருகிற இடம் ஓட்டையாகி, ரோடு தெரிய ஆரம்பித்தபோது இந்த வண்டியை வாங்கினார்கள். இதுவும் பழையதுதான், இதற்கும் இன்ஜின் பின்னால்தான், முகஜாடை கூட அதே. ஆனால் இதற்கு முன்னால் ரேடியேட்டர் உண்டு, தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும். இதைக் கத்தவிட்டால் உள்ளே ஆயில்தான் மத்தில் அகப்பட்ட மாதிரி கடைபடும். கடையக் கடையச் சூடு.

இதை யாரும் மார்லிஸுக்குச் சொல்லித் தரவில்லை. போன வருஷம் பழப் பண்டகசாலைக்குத் தனியாகப் போனபோது முன்னால் ஒரு வைக்கோல் லாரி அகப்பட்டது. முந்த முடியாமல் வழி நெடுக அதன் பின்னாலேயே ஊர்ந்தாள். ஆரின் டாஷ்போர்டில் தன் கையாலேயே பொருத்தியிருந்த ஆயில் சூட்டு மீட்டரின் முள், அந்த வெயிலிலும் பாதியைத் தாண்டவில்லை. திரும்பும்போது ரோடு காலியாக இருந்தது, காலை அழுத்தினாள், முள் விறுவிறுவென்று ஏறியது. காலைத் தளர்த்தினாள், இறங்கியது. மறுபடி அழுத்தினாள், மறுபடி ஏறியது. இதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"வைக்கோல் லாரி நிழல்ல போயிருப்ப" என்றான் ஆரின்.

லாரி நிழல்! அன்றிலிருந்து அவள் அதை மறக்கவில்லை.

இப்போது வண்டி ஒகனாகன் ஆற்றைத் தாண்டி ஏற்றத்தைத் தொட்டது. ஆரின் மூன்றாவது கியருக்கு இறக்கி, காலை அழுத்தினான். பின்னாலிருந்து இன்ஜின் ஓலமிட்டது. இன்ஜின் சுற்றும் வேகம், ஆர்.பி.எம்., நாலாயிரத்தைத் தாண்டியது.

"முள்ளைப் பாரு" என்றாள் மார்லிஸ்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஏறுது."

"ஏற்றம்னா ஏறத்தான் செய்யும்."

"கொஞ்சம் மெதுவாப் போயேன். முப்பது மைல்ல போ. மூணாயிரத்தைத் தாண்டாதே."

"முப்பதா? பின்னாடி பாத்தியா? ஒரு படையே வருது. அதுல ஆர்ச்சி மரக்கடை வண்டி வேற வருது. நாளைக்கு ஊர் பூரா சொல்லுவான், ட்வெய்ட் வண்டி நத்தையாட்டம் போச்சுன்னு."

"ரெண்டு தடவை ரோட்டோரமா நின்னப்ப ஆர்ச்சி ஒண்ணும் சொல்லலையா?"

மாட்டிக்கொண்டால் ஆரின் விசிலடிப்பான். விசிலடித்தான். முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போயிற்று. அவன் புருவம் சுருங்கியது. பிறகு அவன் செய்ததைப் பார்த்து மார்லிஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது கியருக்கு இறக்கி, இன்னும் பலமாக அழுத்தினான்.

"என்ன பண்ற ஆரின்!"

"குளிர வைக்கிறேன்."

"கொளுத்துற!"

"கத்தாத. நீ கத்துறதுல இன்ஜின் சத்தம் கேக்கல."

"அது சத்தம் இந்நேரம் ஆல்டர் பேயிலயே கேக்கும்!"

முள் சிவப்பைத் தாண்டியது. அவன் பதறிப்போய் ஓரங்கட்டினான். இன்ஜின் வேகம் தணிந்ததும் சிவப்பு விளக்கு சிமிட்டியது, கூடவே எச்சரிக்கை மணி காதைக் கிழித்தது. தண்ணீராக இளகிப்போன ஆயில், இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் கொடுக்காது. ஆரின் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்து இன்ஜினை மறுபடி முறுக்கினான். மணி நின்றது. "பாத்தியா? முறுக்கினா சரியாயிடுது" என்றான். ஜெயித்துவிட்ட மாதிரி சொன்னான். மார்லிஸ் கையை நீட்டிச் சாவியை அணைத்தாள்.

பைன் மரங்களுக்கு நடுவே திடீரென்று அமைதி. ஒரு வெட்டுக்கிளி கிறீச்சிட்டது. பின்னாலிருந்து சூடான ஆயில் வாடை மூக்கைத் துளைத்தது.

அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். இன்ஜின் இருப்பது வண்டியின் பின்பக்கம், சரக்கு வைக்கும் தளத்துக்கு அடியில். மூடியைத் திறக்க வேண்டும் என்றால் மேலே இருக்கிற தட்டுகளையெல்லாம் இறக்க வேண்டும். ஆரின் மூடியைத் திறக்காமல் இருக்க மாட்டான். திறந்து பார்த்து எதுவும் செய்ய மாட்டான், ஆனால் திறந்து பார்க்க வேண்டும். இருவரும் தட்டு தட்டாக இறக்கி ரோட்டோரப் புழுதியில், மர நிழலில் வைத்தார்கள். பழங்கள் வெயில் பட்டு மணத்தன. மார்லிஸ் சாக்கை ஒழுங்காக இழுத்துவிட்டாள். ஒரு குளவி வந்தது, விரட்டினாள்.

அப்போதுதான் அந்த இன்னொரு வேன் வந்தது. இதே ஜாதி வண்டி, பச்சை நிறம், மேலே இரண்டு படகு. இந்த வண்டிக்காரர்கள் எதிரெதிரே போனால் கையாட்டிக்கொள்வார்கள், எவனாவது ஓரமாக நின்றால் இன்னொருவன் நிறுத்தாமல் போக மாட்டான். உதவி என்று பேர். அரைக்கால் சட்டை போட்ட ஓர் ஆள் இறங்கி வந்து, தன் பெயர் டோபின் என்றான், குனிந்தான், முகர்ந்தான்.

"ஆயில் எந்தக் கனம் ஊத்துறீங்க?"

ஆரின் சொன்னான்.

"அதான! அது பத்தாது. இன்னும் கெட்டியானது ஊத்தணும். தனியா ஒரு ஆயில் கூலர் வைங்க. நான் வெச்சிருக்கேன்."

"வெச்ச பிறகு சரியாயிடுச்சா?" என்றாள் மார்லிஸ்.

டோபின் அவளைப் பார்க்காமல் ஆரினைப் பார்த்தே பதில் சொன்னான். "ஓரளவுக்கு."

"மெதுவா ஓட்டினா சூடு ஏறலைங்க. நான் ஓட்டிப் பாத்திருக்கேன். இன்ஜின் சுத்துற வேகத்தைக் குறைச்சா முள்ளு தானா இறங்குது" என்றாள்.

"மீட்டர் கோளாறா இருக்கும்" என்றான் டோபின்.

"நானும் அதான் சொல்றேன்" என்றான் ஆரின்.

"நீ பொருத்தின மீட்டர்தான அது?"

"நல்லா பொருத்தினேன். மீட்டரே மட்டம்."

இரண்டு ஆண்களும் மண்டி போட்டு இன்ஜினுக்குள் தலையை விட்டார்கள். கூலர், அதற்குக் குழாய், குழாய்க்குக் கிளிப், டோபினின் மைத்துனன் வண்டி, மைத்துனனின் கிளிப் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. மார்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் இன்னும் தாண்டவில்லை, ஆனால் இன்னொரு கணவாய் பாக்கி இருக்கிறது. மெழுகுவத்திக்காரியின் முகம் கண் முன்னால் வந்தது. நல்லவள், பாவம், லாவெண்டர் வாசனையில் வத்தி செய்கிறாள். போன வாரம் சந்தையை நடத்துகிற ஈனிட் போனில் சொன்னாள்: "மார்லிஸ், என்னால இதுக்கு மேல முடியாதுடி. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்." அந்தக் குரலில் இருந்த வருத்தம்தான் மார்லிஸை அதிகம் வதைத்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவள் பேச்சை விட்டாள். இருவரையும் தோளைத் தட்டி நகரச் சொன்னாள், மூடியை இறக்கினாள், ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு அடுத்தது.

"என்ன பண்ற? இன்னும் பாத்து முடியல" என்றான் ஆரின்.

"நான் பாத்து முடிச்சிட்டேன்."

கடைசித் தட்டையும் ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஆறியிருந்தது, மணி அடிக்கவில்லை. இடது பக்கம் கையைக் காட்டி, மெல்ல உருட்டினாள்.

"மார்லி! ஏய், மார்லி!" கையில் ஆயில் துணியோடு ஆரின் ஓடி வந்தான். அறுபது வயது ஆள் அப்படி ஓடி அவள் பார்த்ததில்லை. டோபின் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஆரின் ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்து தொற்றி ஏறினான். "விட்டுட்டுப் போயிருப்பியா?"

"போயிருப்பேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நிஜமாகத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

மூன்றாவது கியர், முப்பது மைல். ஆர்.பி.எம். முள் மூணாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. இன்ஜின் முக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. பின்னால் வண்டிகள் சேர ஆரம்பித்தன. ஆரின் கண்ணாடியைப் பார்த்தான், திரும்பிப் பார்த்தான், மறுபடி கண்ணாடியைப் பார்த்தான்.

"கியூ நிக்குது."

"நிக்கட்டும்."

"ஹாரன் அடிக்கிறான்."

"அவனுக்குக் கை சும்மா இருக்கு."

"கொஞ்சம் அழுத்து மார்லி, மானம் போகுது."

"உன் மானத்தை எடுத்து அந்த ரொட்டி டப்பாவுல வை. மேல போயி சாப்பிடலாம்."

ஒதுங்க இடம் கிடைத்த இடத்திலெல்லாம் ஒதுங்கி, பின்னால் வந்தவர்களைப் போகவிட்டாள். ஒருவன் ஏதோ சைகை காட்டிவிட்டுப் போனான், ஆரின் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டான். ஆனால் தொப்பிக்கு அடியிலிருந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் போயிற்று. நின்றது. அங்கேயே நின்றது. கணவாயின் உச்சிப் பலகை வந்தபோதும் அங்கேயேதான் நின்றது.

மீட்டரின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். முள் அசையவில்லை.

"மட்டமான மீட்டர்" என்றாள் மார்லிஸ்.

ட்விஸ்ப் ஊருக்கு இறங்கும் சரிவில்தான் அவள் சறுக்கினாள். வெற்றி தலைக்கு ஏறியிருந்தது. ஆர்.பி.எம். கூடக் கூடாது என்று நாலாவது கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினாள். வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கருகிய வாடை வந்தது. இந்தத் தடவை ஆயில் இல்லை.

"பிரேக் தீயுது" என்றான் ஆரின். கத்தவில்லை, தணிந்த குரலில்தான் சொன்னான். "மூணுல போடு. ஆக்ஸிலரேட்டர்லேந்து காலை எடுத்துட்டா இன்ஜின் வேலை செய்யல மார்லி, சும்மா சுத்துது. ஏறும்போது கத்துறது வேற, இறங்கும்போது கத்துறது வேற. நிஜமாத்தான் சொல்றேன்."

அவளுக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. ஆனால் பிரேக் மிதி காலுக்கடியில் மெத்தையாக அமுங்க ஆரம்பித்திருந்தது, பழத்தட்டுகள் பின்னால் நகர்ந்து இடித்தன. மூன்றில் போட்டாள். இன்ஜின் குரலெடுத்தது. வண்டி அடங்கியது. சூட்டு முள் ஒரு மயிரிழை ஏறி நின்றுகொண்டது.

"சரி, இது உனக்கு" என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

"ஒண்ணாவது குடுத்தியே" என்றான் அவன். இந்தத் தடவை அவன் சிரித்ததில் அவளுக்கு எரிச்சல் வரவில்லை. கொஞ்ச தூரம்தான் வரவில்லை. விண்த்ராப் ஊரில் அவன் மறுபடி ஆரம்பித்துவிட்டான், அடுத்து வருகிற வாஷிங்டன் கணவாயில் மட்டும் நான் ஓட்டுகிறேன் என்று. அவள் வெள்ளரித் துண்டு ஒன்றை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.

பெரிய கணவாயையும் அப்படியே ஏறினார்கள். உச்சியில் பனி ஒட்டியிருந்த பாறைகளிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது, வியர்வை சில்லிட்டது. அந்தப் பக்கம் இறங்க இறங்கத் தேவதாரு மரங்கள் ஈரம் கோத்து நின்றன, மேகம் தாழ்ந்து வந்தது. வண்டி முப்பதில் ஏறி, ஐம்பதில் ஓடி, எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. வேகமாகப் போன ஆரினைவிட மெதுவாகப் போன மார்லிஸ் சீக்கிரம் போனாள். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆல்டர் பே துறைமுகத் தெருவில் நுழைந்தபோது சந்தை நிரம்பியிருந்தது. முன்னால் ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆற அமர நடந்தாள். வேன் நடை வேகத்துக்குக் குறைந்தது. சிவப்பு விளக்கு சிமிட்டியது, எச்சரிக்கை மணி அலறியது. தெருவே திரும்பிப் பார்த்தது. அதோ மேப்பிள் மரம். மரத்தடியில் அவள் இடம் காலி. அதன் ஓரத்தில் மெழுகுவத்திக்காரி மடக்கு மேஜையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கண்ணியமாக வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். மேடையில் ஈனிட் கையில் வெண்கல மணியோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்லிஸ் வண்டியை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டுக் குதித்தாள். பக்கக் கதவைத் திறந்து, சாக்கை விலக்கி, ஒரு தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடினாள். மேஜை இல்லை, குடை இல்லை, தராசு இல்லை. மரத்தடியில் போய்ச் சரக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது.

ஈனிட் அவளைப் பார்த்தாள். மணியை ஓங்கி அடித்தாள்.

"மார்லிஸ் பழம் வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை இல்லை.

மெழுகுவத்திக்காரி மேஜையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். போகிற போக்கில், "ஒரு பவுண்டு எனக்கு எடுத்து வைங்க" என்றாள். ஆரின் நடுத்தெருவில் மணியலறும் வண்டியை முறுக்கு முறுக்கென்று முறுக்கி ஓரங்கட்டினான். தங்கள் மேஜையைக் கொண்டுவந்து விரித்து, சாவியை அதன்மேல் போட்டுவிட்டுக் குடையைக் கட்டினான். மார்லிஸ் அந்தச் சாவியை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மாலையில் தட்டுகள் அநேகமாகக் காலியாகிவிட்டன. பக்கத்துக் கடையில் சிப்பி விற்கிற கிளெமென்ட் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டான். அவனிடமும் இதே ஜாதி வேன் ஒன்று இருக்கிறது. "இந்த வெயில்ல லூப்பை எப்படிய்யா ஏறி வந்தீங்க? என் வண்டி சமதரையிலேயே கொதிக்குது."

ஆரின் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, மரத்தில் சாய்ந்துகொண்டான்.

"இதுல ஒரு சூட்சுமம் இருக்கு கிளெம். இது பழைய காத்து இன்ஜின் மாதிரி இல்ல. இதுல ஆயிலுக்கு இன்ஜின் சுத்துற வேகம்தான் கணக்கு. ஏற்றத்துல மூணாவது கியர், முப்பது மைல், மூணாயிரத்தைத் தாண்டவே கூடாது. பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் கண்டுக்கக் கூடாது. நம்ம ஜனங்க அவசரப்படுறாங்க, அதான் பிரச்சினை. நான் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன், யாரு கேக்குறா?"

மார்லிஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். கிளெமென்ட் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவன் சட்டென்று குனிந்து ஐஸ் பெட்டியை இன்னொரு தடவை கழுவ ஆரம்பித்தான்.

"சரி, கிளம்பலாம் மார்லி" என்று ஆரின் கையை நீட்டினான். "சாவி எங்க?"

தட்டில் விற்காத ஒரே ஒரு பழம் மிச்சமிருந்தது, ஒரு பக்கம் கன்றியது. அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். நடந்து போய், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஏறினாள்.

ஆரின் கொஞ்ச நேரம் பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதைத் தின்று, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி மறுபக்கக் கதவுக்குப் போனான்.